வலது தோள்

என் வலது தோளில்
நானூறு பேருடைய தவணைகள் இருக்கின்றன.

பம்பலப்பிட்டியில் நான்காம் மாடி,
ஏசிக் குளிர், பதினெட்டு மேசை.
காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை இறுக்கிக்கொண்டு
கையால் எழுதுவேன்:
“ஐந்தாம் திகதி தருவதாகச் சொன்னார்.”
“தாய் ஆஸ்பத்திரியில்.”
“ஏசினார்.”
ஹெட்செட் கேட்டு மூன்று தடவை கடிதம் கொடுத்தாயிற்று.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
எலும்பில் ஒன்றுமில்லை என்றார்.
எனக்கென்னவோ ஏமாற்றமாக இருந்தது.
ஒன்றுமில்லாததுக்கா
இரவு இரண்டரைக்கு எழும்பி
பல்லைக் கடித்தபடி
ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்?

வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு மேலே
மாலையில் மட்டும் வாடகைக்கு எடுத்த ஹோலில்
யோகா சொல்லித் தருகிறாள் சமுத்ரா.
பகலில் களுபோவிலையில் பிசியோதெரபி.
சிங்களத்தில் மூச்சை இழுக்கச் சொல்வாள்,
தமிழில் விடச் சொல்வாள்.
“ஹுஸ்ம கன்ன… இப்ப விடுங்க, மெல்ல, மெல்ல.”
அவளுக்குத் தெரிந்த தமிழ்
கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

முதல் கிழமை எனக்கு ஒன்றும் வரவில்லை.
குனிந்தால் முழங்காலோடு கை நின்றுவிட்டது.
மூச்சை எண்ணச் சொன்னால்
நிலுவையை எண்ணினேன்.
கடற்கரைப் பக்கம் ரயில் போக
ஜன்னல் கண்ணாடி நடுங்கியது,
கண்ணாடியோடு நானும்.
“ரயில் போகட்டும்” என்றாள் சமுத்ரா,
ஏதோ அது அவள் அனுமதிக்காக நிற்பதுபோல.

மூன்றாம் கிழமை, சவாசனம்.
பிணத்தைப் போலக் கிடக்க வேண்டுமாம்.
அம்மா கேட்டால் வாயில் போடுவா.
கிடந்தேன்.
பாயில் யாருடையதோ பழைய வியர்வை.
கீழே கடையில்
சேலையை உதறி உதறி மடிக்கும் சத்தம்.
அப்போது தோள்
தானாக ஓர் அங்குலம் கீழே போனது.
நான் இறக்கவில்லை.
நெரிசல் பஸ்ஸில்
நம் மடியில் தந்துவைத்த பையை
இறங்கும் இடம் வந்ததும்
உரியவர் வாங்கிக்கொண்டு போவாரே,
அதுபோல.
கண்ணீர் காதுக்குள் வழிந்தது.
துக்கம் என்று சொல்லும்படி ஏதுமில்லை.

பக்கத்துப் பாயில் ஒருவர்
“யா அல்லாஹ், முதுகு” என்று பெருமூச்சு விட்டார்.
அந்தக் குரல்!
கண்ணை மூடியிருந்ததால்தான் பிடிபட்டது.
தெஹிவளை, நீல த்ரீவீலர்,
ஏழு தவணை நிலுவை, நிஃப்ராஸ்.
போன செவ்வாய்
“உங்களுக்கு நித்திரை வருதா, மிஸ்?” என்று கேட்டுவிட்டுப்
போனை வைத்தவர்.

வருவதில்லை என்று அன்றைக்குச் சொல்லவில்லை,
இன்றைக்கும் சொல்லவில்லை.
என் முகம் அவருக்குத் தெரியாது,
கதைத்தால் தெரிந்துவிடும்.
அவர் இழுக்கையில் நான் விட்டேன்,
நான் இழுக்கையில் அவர்.
பிறகு எந்த இடத்தில் என்று தெரியாமல்
இரண்டும் ஒன்றாகப் போயின.
முடிந்ததும் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கி
கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து
படியிறங்கினார்,
பதினான்கு மணித்தியாலம்
ஹேண்டிலுக்கு மேல் வளைந்த ஒரு முதுகு.

அடுத்த செவ்வாய்
பட்டியலில் அவர் பெயர். எட்டுத் தவணை.
ரிசீவரைக் கையில் பிடித்தேன், தோளைச் சும்மா விட்டு.
ஒரு மூச்சு,
சமுத்ரா தமிழில் சொல்லும் பாதி மட்டும்.
“ஹலோ” என்றேன்.
அந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் மூச்சுத்தான் கேட்டது.
“சொல்லுங்க மிஸ்.”

அவர் காசு கட்டவில்லை.
கம்பெனி கடிதம் அனுப்பும்,
அதையும் நான்தான் டைப் செய்வேன்.
எத்தனை தரம் குனிந்து நிமிர்ந்தாலும் வட்டி குறையாது.
இப்போது மணிக்கட்டு வேறு வலிக்கிறது,
ரிசீவரைப் பிடித்துப் பழக்கமில்லை.

குறிப்பு எழுதும் கட்டத்தில்
“ஏசவில்லை” என்று எழுதினேன்.
யார் என்று எழுதவில்லை.